தலையால் நடந்தவரின் ஊரிலிருந்து ஒரு விண்ணப்பம்

விளையாட்டுப் பயிற்சியை நவீனமாக்கும் மேலிடத்துக்கு,

பொருள்: அனுபவப் பயிற்சியாளர்களுக்கு ஊக்கம் ஊட்டுதல் – ஊட்டியது ஜீரணமாகாதது தொடர்பாக.

அய்யா,

காரைக்கால் கடற்கரையில் 30 வருடமாக ஓட்டம் சொல்லிக்கொடுக்கும் எனக்குத் தாங்கள் அனுப்பிய டேப்லெட்டும் ஊக்கப் பேச்சாளரும் ஒரே நாளில் வந்து சேர்ந்தார்கள். "மாற்றத்துக்கு அஞ்சாதீர்கள்" என்று கைதட்டச் சொன்னார், தட்டினோம். மதியச் சாப்பாட்டோடு அவர் கிளம்பிவிட்டார். டேப்லெட் கிளம்பவில்லை.

செயலியைத் திறந்தால் பிள்ளைக்கு ஒன்பது கட்டம். எத்தனை மணிக்குத் தூங்கினாய், மனநிலை என்ன, சிரிக்கும் பொம்மையா அழும் பொம்மையா... வரிசையில் நின்று பொம்மையைத் தொட்டு முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடுகிறது. ஓடியதைக் குறிக்கத்தான் கட்டம் இல்லை.

சனிக்கிழமை நெடுந்தூர ஓட்டம். நமக்குக் கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. தெற்கே வாஞ்சூரைத் தாண்டியதும் செயலி "எல்லைக்கு வெளியே" என்று சிவந்து, அத்தனை பேருக்கும் ஆப்சென்ட் போட்டது. வாஞ்சூரோடு நிற்க வேண்டுமாம். அங்கே மதுக்கடை வாசலில் நிற்பவர்கள் எதற்காக நிற்கிறார்கள் என்று மேலிடத்துக்குத் தெரியாதா?

காலடி எண்ணும் பட்டை வேறு. தலையால் நடந்து கயிலை ஏறிய காரைக்கால் அம்மையாரின் ஊர் இது. அவருக்குக் கட்டியிருந்தால் பூஜ்யம் காட்டி, "இன்று சோம்பேறியாக இருந்துவிட்டீர்கள்" என்று சொல்லியிருக்கும்.

எந்திரத்தோடு எனக்குப் பகை இல்லை. 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் 400 மீட்டர் தடையோட்டத்தில் பி.டி. உஷா வெண்கலத்தை இழந்தது ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில். 100 மீட்டரில் கையால் எடுத்த நேரத்தை மின்கடிகாரத்தோடு ஒப்பிட 0.24 நொடி கூட்டிக்கொள்வார்கள். எங்கள் விரலின் லட்சணம் அவ்வளவுதான். ஆனால் எதை எப்போது கையில் கொடுப்பது என்பதும் பயிற்சிதானே? செஸ் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, கிராண்ட்மாஸ்டர் ஆகும்வரை தன் மாணவர் குகேஷைச் செஸ் எந்திரத்தின் பக்கமே விடவில்லை. 2024-இல், 18 வயதில், அந்தப் பையன் உலக சாம்பியன். அந்தப் பயிற்சியாளருக்கும் ஊக்கப் பேச்சாளரை அனுப்பியிருப்பீர்கள்!

என்னை மாற்றியது ஒரு கீறல் விழுந்த போன். மூன்று மாதமாக ஒரு பையனிடம் "முழங்கையை உள்ளே வைடா" என்று கத்திக்கொண்டிருந்தேன். "வைக்கிறேனே சார்" என்பான். அவன் அண்ணன் ஸ்லோ மோஷனில் எடுத்துக் காட்டினான். இடது கால் ஊன்றும்போதெல்லாம் இடுப்பு சரிகிறது; விழாமல் இருக்கத்தான் கை வெளியே போகிறது. கோளாறு இடுப்பில், நான் திட்டியது கையை. பையனிடம் "தப்பு என்னுதுடா" என்றேன். இப்போது தினமும் "போன் எங்கடா?" என்று முதலில் கேட்பது நான்தான்.

ஆகவே, அடுத்த பேச்சாளருக்கு ஒதுக்கிய பணத்தில் போனை நிறுத்த ஒரு ஸ்டாண்டு வாங்கித்தர வேண்டுகிறேன். செங்கல்லில் சாத்தினால் கடற்காற்றுக்குச் சாய்கிறது.

இப்படிக்கு,
ஊக்கமூட்டப்பட்ட பயிற்சியாளர்

பி.கு.: டேப்லெட் பூட்டிக்கொண்டது. திறக்கும் ஓடிபி, போன வருடம் மாற்றலாகிப் போன அதிகாரியின் நம்பருக்குப் போகிறது. அவரிடம் கேட்டேன், அவருடைய மனநிலை அழும் பொம்மை.