ஓடாத சைக்கிள் ஆப்பிளுக்கு எதற்கு?

கேள்வி: தள்ளாடும் பெலோட்டான் கம்பெனியை ஆப்பிள் வாங்கிவிடலாம் என்கிறார்களே, சரியா?

பதில்: கூடவே கூடாது. கொரோனா காலத்தில் ஜிம்முக்குப் போக முடியாத அமெரிக்கர்கள், இருந்த இடத்திலேயே மிதிக்கும், திரை வைத்த பெலோட்டான் சைக்கிளைக் காத்திருந்து வாங்கினார்கள். 2021 தொடக்கத்தில் கம்பெனியின் சந்தை மதிப்பு சுமார் 5,000 கோடி டாலர். வீட்டுக் கதவு திறந்தது, மிதித்தவர்கள் வெளியே நடந்தார்கள். 2022 பிப்ரவரியில் 2,800 பேருக்கு வேலை போனது. நிறுவனர் ஜான் ஃபோலியும் தலைமைச் செயல் அதிகாரி பதவியிலிருந்து இறங்கினார்.

ஆப்பிள் தன் கைக்கடிகாரத்தை விற்கக் கூரியர் போதும். சைக்கிள் விற்க லாரி வேண்டும், கிடங்கு வேண்டும், மாடிக்குத் தூக்க ஆள் வேண்டும். ஆப்பிள் இந்தப் பாரத்தை ஏன் சுமக்க வேண்டும்? உடற்பயிற்சி வீடியோவுக்குச் சந்தா வாங்கும் சேவையை அது 2020 டிசம்பரிலேயே சொந்தமாகத் தொடங்கிவிட்டது. பெலோட்டானின் உண்மையான சொத்து, திரையில் வகுப்பு நடத்தும் அதன் பயிற்சியாளர்கள். கம்பெனி கைமாறினால் அவர்கள் தங்குவார்களா?

உடற்பயிற்சி உடை விற்கும் லுலுலெமன் கம்பெனியைப் பாருங்கள். 2020-ல் 50 கோடி டாலர் கொடுத்து 'மிரர்' பயிற்சிக் கண்ணாடிக் கம்பெனியை வாங்கியது. 2023-ல் கண்ணாடி விற்பனையை நிறுத்த முடிவெடுத்து, பயிற்சி வீடியோ தரும் வேலையைப் பெலோட்டானிடமே ஒப்படைத்தது.