மின்னலுக்கு யார் பொறுப்பு?

கேள்வி: மொட்டை மாடியில் ஆன்டெனா கட்டி ஹாம் ரேடியோ நடத்துகிறேன். இடி விழுந்து டிரான்சீவர் கருகினால் காப்பீட்டுப் பணம் வருமா?
— ஹாம் வாசகர், தென்காசி

பதில்: பாலிசியின் முதல் பக்கத்தில் 'மின்னல்' என்று போட்டிருக்கும். அவசரப்பட்டு மகிழாதீர்கள், விலக்குகள் பக்கத்தைப் புரட்டுங்கள். நம் நாட்டின் வழக்கமான தீக் காப்பீட்டில், ஷார்ட் சர்க்யூட், மின்கசிவு போன்றவற்றால் மின்சாதனம் கெட்டால் இழப்பீடு இல்லை என்று ஒரு வரி உண்டு. அதன் வாலில், அடைப்புக்குறிக்குள், 'மின்னல் உட்பட'! முதல் பக்கம் கொடுத்ததை அடைப்புக்குறி பிடுங்கிக்கொள்ளும். ஆகவே மின்னணுச் சாதனங்களுக்கான தனிக் காப்பீடு உண்டா என்று கேளுங்கள். ஆன்டெனா, கம்பம், ரொட்டேட்டர் எல்லாவற்றையும் விலையோடு எழுதச் சொல்லுங்கள். மாடியில் நிற்பது வீட்டுச் சாமானா இல்லையா என்று பின்னால் மல்லுக்கு நிற்க வேண்டாம் பாருங்கள்.

அடுத்த தலைவலி பில். ஹாம்களிடம் இருப்பதில் பாதி கைமாறி வந்தது, மீதி தாங்களே சால்டர் வைத்தது. ஹைதராபாத் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் டிரான்சீவரை நீங்களே கோத்திருந்தால், இழப்பை மதிப்பிட வரும் சர்வேயர் "இன்வாய்ஸ் எங்கே?" என்பார். உதிரிபாக ரசீதுகளையும் போட்டோக்களையும் பத்திரப்படுத்துங்கள். விடிய விடிய கண்விழித்ததற்கு ரசீது கிடையாது.

கருகிய போர்டைக் கோபத்தில் குப்பையில் வீசாதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி. காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தகவல் சொல்லுங்கள், மெக்கானிக்கிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள்.

ஆமாம், ஹாம் லைசென்ஸைப் புதுப்பித்துவிட்டீர்களா? இல்லையென்றால் க்ளெய்ம் போட்ட வீட்டுக்கு, சர்வேயருக்கு முன்னால் வேறு இலாகாக்காரர் வந்து நிற்பார்.