மொத்தக் கொள்முதல்
புக்கிட் காத்தில் பக்கத்து வீட்டுத் தம்பி தமிழ் இலக்கியத்தையே இறக்கிவிட்டான். 1996இல் வந்த டபிள்யூகெட் என்னும் இலவச மென்பொருள். கறுப்புத் திரையில் ஒரே வரி. 1998 முதல் மதுரைத் திட்டம் என்னும் மின்னூல் தளத்துக்காகத் தன்னார்வலர்கள் எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்து சேர்த்ததெல்லாம், இவன் மீ கோரிங் கட்டிவரப் போன நேரத்தில் வன்வட்டில்.

"கொஞ்சம் இடைவெளி விட்டு இறக்கக் கூடாதா? சர்வர் திணறுமே!"

"அதுக்கு வெயிட்னு ஒரு கட்டளை இருக்குண்ணே. யாரு காத்திருக்கிறது?"

'உள்ளே வராதே' என்று தளத்தின் ரோபாட்ஸ் கோப்பில் இருந்தால் இந்த மென்பொருள் தானே ஒதுங்கிப் போகும். அந்த மரியாதையையும் அணைத்துவிட்டானாம்.

"எதைப் படிச்சே?"

"படிக்கிறதா? நெட் போயிட்டா வேணுமேண்ணே!"

அடுத்து ஈழத்து நூல்களைக் காக்கும் நூலகம் தளமாம். புது வட்டுக்குச் சொல்லியாயிற்று.