காய்கறி பிஸ்கட் மகாத்மியம்

வீட்டில் சத்தான பிஸ்கட் சுடக் கிளம்பியவர்கள் முதலில் மைதாவைத் துரத்துகிறார்கள். அடுத்து வெள்ளைச் சர்க்கரையை. காலியான இடத்தில் கேரட், பீட்ரூட், முருங்கைக்கீரை குடியேறுகின்றன. கேரட்டில் நூற்றுக்கு 88 பங்கு தண்ணீர்; மொறுமொறு பிஸ்கட்டிலோ 5 பங்குக்கு மேல் இருக்கலாகாது. துருவி அப்படியே மாவில் போட்டால் ஓவனிலிருந்து வருவது பிஸ்கட் அல்ல, அடை. பிழிந்து போட்டால் சத்தில் ஒரு பகுதி சாற்றோடு போய்விடும். அதனாலென்ன, சாற்றைச் சாம்பாரில் ஊற்றிவிட்டுச் சக்கைக்கு ‘வெஜிடபிள் குக்கீஸ்’ என்று பெயர் சூட்டலாம். பீட்ரூட்டின் சிவப்பெல்லாம் மாவாக இருக்கும்வரைதான். 180 டிகிரியில் கால் மணி நேரம் உட்கார்ந்தால் செங்கல் நிறம்.

ருசி வேண்டுமே? அதற்குத்தான் அரைப் பாக்கெட் வெண்ணெயும் ஒரு கிண்ணம் நாட்டுச் சர்க்கரையும். நாட்டுச் சர்க்கரையிலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான் என்பது உடம்புக்குத் தெரியும். சமையலறையில் அதை யாரும் பேசுவதில்லை.

மாலை டீயில் ஒன்றைத் தோய்த்துத் தின்ற மாமியார் மனசாரப் பாராட்டுகிறார்: “நல்லாருக்கும்மா. இதுலயே கொஞ்சம் வெங்காயம், பச்சை மிளகாய் போட்டு எண்ணெயில பொரிச்சிருந்தா இன்னும் நல்லாருந்திருக்கும்.”