மத்தளத்தின் பதில்கள்

கேள்வி: புதிதாகப் பதில் சொல்ல வந்திருக்கிறீர்கள். முதலில் நீங்கள் யார், எந்தக் கட்சி என்று சொல்லிவிடுங்கள்.
— வாசகர், திருச்சி

சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபை. ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் போகிறவள், பாடகர் குழுவில் ஆல்ட்டோ. இயேசுவை நம்புகிறேன், உலகம் ஆறே நாளில் முடிந்த வேலை என்று நம்பவில்லை. பக்கத்து வீட்டு மீனாட்சி பக்தை நரகத்துக்குத்தான் போவார் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். இப்படிப்பட்டவர்களை லிபரல் கிறிஸ்தவர் என்கிறார்கள். மத்தளப் பிழைப்பு. ஒரு பக்கம் விசுவாசிகள் அடிப்பார்கள், மறுபக்கம் நாத்திகர்கள்.

கேள்வி: விஞ்ஞானம் வந்து உதைத்த பிறகுதானே ஆறு நாள் படைப்பை 'உருவகம்' ஆக்கினீர்கள்?
— வாசகர், ஈரோடு

ஈரோட்டிலிருந்து இந்தக் கேள்வி வராமல் போயிருந்தால்தான் வருத்தப்பட்டிருப்பேன்.

டார்வின் புத்தகம் வந்தது 1859இல். அலெக்சாந்திரியாவின் இறையியலாளர் ஓரிகன் மூன்றாம் நூற்றாண்டிலேயே கேட்டுவிட்டார்: சூரியன் நாலாம் நாள்தான் வந்தது என்றால், முதல் மூன்று நாளுக்கு சாயங்காலம் எப்படி வந்தது? அவருக்குப் பின் வந்த புனித அகஸ்டினும் அந்த நாட்களை நம் காலண்டர் நாட்களாக எடுத்துக்கொள்ளவில்லை. வானத்தையும் பூமியையும் பற்றிக் கிறிஸ்தவன் உளறினால், கேட்கிற வெளியாள் வேதத்தையே சேர்த்துச் சிரிப்பான் என்று கவலைப்பட்டவர் அவர்.

எழுத்துக்கு எழுத்து நம்புகிறவருக்கான 'அடிப்படைவாதி' என்கிற பட்டம்தான் புதுசு. அமெரிக்காவில் 1910 முதல் 1915 வரை, ஓர் எண்ணெய் முதலாளியின் பணத்தில், 'தி ஃபண்டமென்டல்ஸ்' என்று 12 தொகுதிகள் அச்சடித்து இலவசமாக அனுப்பினார்கள். அதில் எழுதியவர்களிலேயே சிலர் பரிணாமத்தோடு ஓரளவு ராசியாகத்தான் இருந்தார்கள். பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பக்கங்கள் மட்டும் கிடைக்கவில்லை போலும்.

கேள்வி: நரகம் உண்டா, இல்லையா? ஒரே வார்த்தையில் பதில் வேண்டும்.
— வாசகர், நாசரேத்

இங்கிலாந்தில் இதற்கு வழக்கே நடந்தது, தெரியுமா? 1860இல் ஏழு பேர் சேர்ந்து 'எஸ்ஸேஸ் அண்ட் ரிவ்யூஸ்' என்று ஒரு கட்டுரைத் தொகுப்பு போட்டார்கள். ஏழில் ஆறு பேர் குருமார். அவர்களில் வில்சன் என்பவர், கெட்டவர்களுக்கும் கடைசியில் கதிமோட்சம் கிடைக்கலாம் என்று நம்ப இடமிருக்கிறது என்று எழுதிவைத்தார். சபை நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. மேல்முறையீடு பிரிவி கவுன்சிலுக்குப் போக, அப்படி நம்புவது குற்றமல்ல என்று 1864இல் தீர்ப்பு வந்தது. கேன்டர்பரி, யார்க் பேராயர்கள் இருவரும் தீர்ப்பை முழுவதும் ஒத்துக்கொள்ளவில்லை. தீர்ப்பைச் சொன்ன வெஸ்ட்பரி பிரபு நரகத்தைச் செலவுத்தொகையோடு தள்ளுபடி செய்துவிட்டார் என்று ஊரே கேலி பேசியது. தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், தான் ஏன் கிறிஸ்தவன் அல்ல என்று 1927இல் லண்டனில் பேசியபோதும் இந்தத் தீர்ப்பைச் சொல்லிச் சிரிக்கவைத்தார்.

ஒரே வார்த்தை கேட்டீர்கள் அல்லவா? இல்லை.

கேள்வி: ரட்சிக்கப்பட்ட தேதி என்ன?
— சகோதரி, தூத்துக்குடி

ஞானஸ்நானச் சான்றிதழில் ஒரு தேதி இருக்கிறது. அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று அம்மா சொல்கிறார்.

கேள்வி: பிடித்த வசனத்தை மட்டும் பொறுக்கிக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறீர்கள். இது என்ன விசுவாசம்?
— போதகர் ஒருவர், நாகர்கோவில்

ஐயா, பொறுக்குகிறேன், ஒத்துக்கொள்கிறேன். நீங்கள்? ஒன்று தீமோத்தேயு இரண்டாம் அதிகாரத்தைத் திறங்கள். பெண் உபதேசம் பண்ணக்கூடாது என்பது 12ஆம் வசனம். அதை வைத்து எத்தனை பிரசங்கம் கேட்டிருப்பேன்! மூன்று வசனத்துக்கு மேலே, 9இல், பொன்னும் முத்தும் விலையுயர்ந்த துணிமணியும் வேண்டாம் என்கிறார் அதே பவுல். நூறு பவுன் போட்டு நிற்கிற மணப்பெண்ணுக்கு அந்த வசனத்தை யாராவது வாசித்திருக்கிறார்களா? நகையைக் கழற்றிவைத்த ஆவிக்குரிய சபைக்காரர்களை இதில் சேர்க்கவில்லை. அவர்கள் 9ஐயும் விடுவதில்லை.

இன்னொன்று. கிறிஸ்துவுக்குள் எல்லோரும் ஒன்று என்று பவுல் கலாத்தியருக்கு எழுதினார். சபைக்குள் சாதியை அடியோடு விட்டுவிடுங்கள் என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை அனுப்பினார். இன்றைய மணமகள் தேவை விளம்பரத்தைப் பாருங்கள். 'சிஎஸ்ஐ' என்று போட்டு, பக்கத்திலேயே சாதிப் பெயர். எழுத்துக்கு எழுத்து நம்பச் சொல்கிற அண்ணாச்சியும் மகனுக்குப் பெண் பார்க்கிற அன்று மட்டும் கலாத்தியரை உருவகமாக எடுத்துக்கொள்வார். அன்றைக்கு அவர் என்னைவிடப் பெரிய லிபரல்.

எதை வைத்துப் பொறுக்குகிறாய் என்று கேட்டிருந்தால் அது நல்ல கேள்வி. கட்டளைகளில் எது பெரியது என்று இயேசுவிடம் கேட்டார்கள். எல்லாமே சமம் என்று அவர் சொல்லவில்லை. தேவன்மேல் அன்பு, அயலான்மேல் அன்பு என்று இரண்டை எடுத்துக் காட்டி, மற்றதெல்லாம் இதில்தான் தொங்குகிறது என்றார். என் சல்லடை அதுதான்.

கேள்வி: அடங்காத மகனைக் கல்லெறிந்து கொல்லச் சொல்கிறது உபாகமம். அதை நம்பாவிட்டால் நீங்கள் உண்மையான கிறிஸ்தவர் இல்லை. பேசாமல் எங்கள் பக்கம் வந்துவிடுங்களேன்?
— பகுத்தறிவாளர், சேலம்

அழைப்புக்கு நன்றி தோழர். மேலே கேட்ட போதகர் ஐயாவும், வேதத்தை முழுசாக நம்பாதவள் கிறிஸ்தவளே அல்ல என்கிறார். அவர் 'வெளியே போ' என்கிறார், நீங்கள் 'வெளியே வா' என்கிறீர்கள். வாசல் ஒன்றுதான். அகஸ்டின் காலத்து முழுரத்தக் கிறிஸ்தவம் இப்போது இல்லை என்று ரஸ்ஸலே அந்த 1927 பேச்சில் குறைப்பட்டுக்கொண்டார். அகஸ்டினின் ஆறு நாளைத்தான் மேலே பார்த்தோமே! எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று எனக்குச் சொல்ல நீங்கள் இருவரும் ஒரு கூட்டுக் கமிட்டி போடலாம்.

கேள்வி: பெண் குருவிடம் திருவிருந்து வாங்குவீர்களா?
— வாசகர், வேலூர்

வாங்குகிறேன். அப்பமும் ரசமும் அதேதான். 2013இல் நம் சிஎஸ்ஐ, நந்தியாலில் புஷ்பலலிதா அம்மையாரைப் பேராயர் ஆக்கியது. இங்கிலாந்துத் திருச்சபைக்கு முதல் பெண் பேராயர் கிடைத்தது 2015இல்தான். தாய்ச்சபை கொஞ்சம் மெதுவாகத்தான் நடக்கும், வயசாகிவிட்டது.

கேள்வி: உங்கள் மனந்திரும்புதலுக்காக எங்கள் ஜெபக்குழுவில் வாராவாரம் ஜெபிக்கிறோம்.
— சகோதரர், சாயர்புரம்

ரொம்ப நன்றி, நிறுத்திவிடாதீர்கள். அப்படியே எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர் வராததையும் ஜெபக்குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். எது முதலில் நடக்கிறது என்று பார்ப்போம்.