சாவா மூவா அபராதம்

தஞ்சை வட்டாரத்தில் நெல் மூட்டை ஏற்றும் லாரி ஓட்டுநர்கள் 'ஆன்லைன் கேஸ்' என்று பெருமூச்சோடு சொல்வதும் போக்குவரத்துத் துறையின் ஆவணங்கள் 'மின் சலான்' என்று கண்ணியமாகக் குறிப்பதும் ஒன்றே. குற்றம் நிகழ்ந்த இடத்தில் வண்டியை மறிக்காமல், அதன் பதிவெண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, பின்னொரு நாளில் உரிமையாளரின் கைப்பேசிக்குத் தகவலாக அனுப்பப்படும் அபராதம் அது. அது பிறக்கும் வழிகள் இரண்டு: சாலையோரக் கம்பத்திலுள்ள கேமரா தானாகவே எண்ணைப் படித்துப் பதிவது ஒன்று, பணியிலிருக்கும் அலுவலர் ஓடும் வண்டியை ஓட விட்டுவிட்டு அதன் எண்ணைக் கையடக்கக் கருவியில் தட்டிவிடுவது மற்றொன்று. முன்னதன் மேல் ஓட்டுநர்களுக்குப் பெரிய மனத்தாங்கல் இல்லை. கேமராவுக்கு மாத இலக்கு இருப்பதாக இதுவரை எவரும் சந்தேகப்பட்டதில்லை. லாரி உரிமையாளர் சங்கங்கள் மனு மேல் மனுவாகக் கொடுத்துவருவது பெரும்பாலும் பின்னதைப் பற்றியே.

குற்றச்சாட்டு குற்றத்துக்குப் பின்னால் நடந்து வந்து சேர்வது கணினிக் காலத்துப் புதுமையன்று. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 209 என்றொரு பிரிவு உண்டு. அதிவேகமாகவோ ஆபத்தான முறையிலோ ஓட்டியதாக ஒருவரைத் தண்டிக்க வேண்டுமானால், வழக்கு வரக்கூடும் என்று அந்த இடத்திலேயே அவரை எச்சரித்திருக்க வேண்டும், அல்லது 14 நாட்களுக்குள் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பியிருக்க வேண்டும், அல்லது 28 நாட்களுக்குள் அழைப்பாணை சேர்ப்பித்திருக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. இந்தப் 14 நாள் கணக்கு பிரிட்டனின் 1930ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்திலேயே காணப்படுவது. எந்தத் திருப்பத்தில் எப்படித் திரும்பினோம் என்ற மனித நினைவு இரண்டு வாரத்துக்கு மேல் தாங்காது என்ற நல்லெண்ணமே அதன் அடிப்படையாக இருக்க வேண்டும். பின்னர் 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் 136அ பிரிவின் மூலம் மின்னணுக் கண்காணிப்புக்கு வழி திறந்தது. 2021 ஆகஸ்டில் வந்த 167அ விதி, அவ்வாறு பதிவாகும் குற்றத்துக்கான அறிவிப்பை 15 நாட்களுக்குள் அனுப்பச் சொன்னது. சைக்கிளில் வரும் தபால்காரருக்கு 14 நாள் தந்த சட்டம், கண்ணிமைக்கும் நேரத்தில் போய்ச் சேரும் குறுஞ்செய்திக்கு அப்போது 15 நாள் தந்ததன் காரணம் ஆராய்ச்சிக்குரியது.

டெல்டாவில் இந்தப் பதினைந்து நாள் என்பது சாதாரண இடைவெளி ஆகாது. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 அன்று திறக்கப்பட்டால் குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும், சம்பா அறுவடை பொங்கலை ஒட்டியும் வரும். அந்த வாரங்களில் நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் 40 கிலோ மூட்டைகள் மலைபோல் குவிய, அவற்றைப் பிள்ளையார்பட்டி போன்ற திறந்தவெளிக் கிடங்குகளுக்கும், வெளி மாவட்ட அரவைக்காகத் தஞ்சாவூர் ரயில் நிலையத்துச் சரக்கு வண்டிக்கும் கொண்டுசேர்ப்பது லாரிகளின் பொறுப்பு. ஏற்ற ஒரு வரிசை, இறக்க ஒரு வரிசை, இடையில் மழை வந்தால் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கணக்கில் சேராத மூன்றாவது வரிசை என்று ஓட்டுநரின் பருவம் கழிகிறது. நீடாமங்கலம் வழியாகச் செல்ல நேர்ந்தால், ரயில் இன்ஜின் முன்னும் பின்னும் போய்வருவதற்காக மூடியே கிடப்பதில் நெடுங்காலமாகப் பேர்பெற்ற அந்த ஊர் ரயில்வே கேட்டில், வரிசை என்பதன் முழுப் பொருளையும் அவர் உணர்ந்துகொள்ளலாம். இவ்வளவு நேரம் அசையாமல் நின்ற ஒருவருக்கு, அசைந்த சில நிமிடங்களுக்காக வழக்கு வருவது முதல் வியப்பு. அசையாமல் நின்றதற்கே, போக்குவரத்துக்கு இடையூறாக நிறுத்தியதாக வழக்கு வருவது அதனினும் பெரிய வியப்பு. கிடங்கு வாசலில் முறைக்காகக் காத்து நிற்கும் லாரியும் தடைசெய்யப்பட்ட இடத்தில் திமிராக நிற்கும் லாரியும் நிழற்படத்தில் ஒரே மாதிரிதான் தெரியும்.

அதிக பாரத்தின் கணக்கு இன்னும் சுவையானது. சட்டத்தின் 194ஆம் பிரிவுப்படி அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால் 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். ஒரு டன் என்பது 25 மூட்டை. 2025 செப்டம்பர் முதல் பொது ரக நெல்லுக்குத் தமிழக அரசு தரும் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் விலையில் அந்த 25 மூட்டையின் மதிப்பு 25,000 ரூபாய், அதற்கான அபராதம் 22,000 ரூபாய். அதாவது அந்த நெல்லைக் கூடுதலாக ஏற்றுவதற்கு ஆகும் செலவில் அதை ஏறக்குறைய விலைக்கே வாங்கிவிடலாம். அறுவடைக்குப் பின் டெல்டாவிலிருந்து புறப்படும் வைக்கோல் லாரியின் நிலை இதற்கு நேர் எதிரானது. எடையில் அது பரம சாது, அகலத்திலும் உயரத்திலும் மட்டும் குற்றவாளி. எனினும் பாரம் பக்கவாட்டிலோ மேலேயோ வரம்பு மீறித் துருத்தினால் அதே பிரிவு 20,000 ரூபாய் கேட்கிறது. இவ்விரு வகையிலும் சட்டம் உண்மையில் விரும்புவது வண்டியை நிறுத்தி, மிகுதியை இறக்கிவிட்ட பின்னரே நகர விட வேண்டும் என்பதை. இது நியாயமான விருப்பம். அதிக பாரம் சாலையையும் எதிரில் வருபவரையும் ஒருங்கே கெடுக்கும். ஆனால் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு அனுப்பிவிடும் முறையில் மிகுதி பாரம் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்து, இறங்கி, அரைபட்டு, சோறாகவும் ஆகிவிட்ட பிறகுதான் அபராதம் வந்து கதவைத் தட்டுகிறது.

எண்ணைக் கையால் தட்டும் முறைக்கே உரிய தனி இலக்கியம் ஒன்றும் உண்டு. 2021 மார்ச்சில் ஒடிசாவின் கஞ்சாம் மாவட்டத்தில் பெர்மிட் புதுப்பிக்கப் போன லாரி ஓட்டுநர் ஒருவர், ஹெல்மெட் அணியாமல் லாரி ஓட்டியதற்காகத் தம் மீது 1,000 ரூபாய் அபராதம் நிலுவையில் இருப்பதை அறிந்து, அதைக் கட்டிவிட்டுப் பெர்மிட் பெற்ற செய்தி நாடெங்கும் வெளிவந்தது. இத்தகைய அற்புதங்கள் நிகழ ஓர் எண் பிறழ்ந்தால் போதும். தஞ்சாவூர் வண்டிகளுக்கு டி.என். 49, ஸ்ரீரங்கத்துக்கு டி.என். 48 என்றிருக்க, அங்கே தலைக்கவசமின்றிக் காவிரிப் பாலம் கடந்த ஒரு மோட்டார் சைக்கிளின் பாவம், விரல் ஒரு கட்டம் நழுவினால், தஞ்சையில் டயர் மாற்றிக்கொண்டிருக்கும் பத்துச் சக்கர லாரியின் தலையில் இறங்கக்கூடும்.

இனி, தகவல் யாருக்குப் போகிறது என்பதைப் பார்க்க வேண்டும். மின் சலான் 'வாகன்' என்னும் மத்திய வாகனப் பதிவேட்டிலுள்ள கைப்பேசி எண்ணுக்குப் போகும். லாரியோ மூன்று கை மாறியிருக்கும். பதிவேட்டிலிருக்கும் எண் முதல் உரிமையாளருடையதாகவோ, விற்றுக் கொடுத்த புரோக்கருடையதாகவோ இருக்கும். செய்தி வந்தவருக்கு வண்டி இல்லை, வண்டி உள்ளவருக்குச் செய்தி இல்லை. போதாக்குறைக்கு, அபராதம் கட்டச் சொல்லி வாட்ஸ்அப்பில் போலிச் செயலியை அனுப்பி வங்கிக் கணக்கைத் துடைக்கும் கூட்டமும் பெருகிவிட்டதால், உண்மைச் செய்தியே வந்தாலும் விவரம் தெரிந்தவர்கள் அதை உடனே அழித்துவிடுகிறார்கள். எனவே நிலுவை வெளிச்சத்துக்கு வரும் நாள் எஃப்.சி. நாள்தான். எஃப்.சி. என்பது வண்டி ஓடத் தகுதியானது என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் தரும் சான்று. எட்டு ஆண்டு வரையிலான வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதற்கு மேல் ஆண்டுதோறும் காட்ட வேண்டும். புது வண்ணம் பூசி, விளக்கு மாற்றி, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் கட்டிக் கொண்டுபோய் நிறுத்தினால், வண்டியில் குறையில்லை என்றும் கணினியில் குறையுண்டு என்றும் தெரியவரும்.

இந்த நிலுவையின் ஆயுளை விளக்கத் தஞ்சைக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பெரிய கோயில் கல்வெட்டுகளின்படி நந்தாவிளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள் விடப்பட்டன. அவற்றைப் பெற்ற இடையர் நாளொன்றுக்கு உழக்கு நெய் அளந்தாக வேண்டும். கிழடு சாக, குட்டி பிறக்க, மந்தையின் எண்ணிக்கை மட்டும் மாறாது என்ற கணக்கில் சோழர் காலக் கல்வெட்டுகள் இத்தகைய மந்தையைச் 'சாவா மூவாப் பேராடு' என்று குறிக்கின்றன. மின் சலானும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. வண்டிக்கு வயதாகும், உரிமையாளர் மாறுவார், கிளீனர் ஓட்டுநராகிவிடுவார். திரையிலுள்ள 500 ரூபாய்க்கு நரை திரை மூப்பில்லை.

எதிர்த்து வாதாட வழியில்லாமல் இல்லை. ஆனால் வழக்கு நீதிமன்றம்வரை போனால், அது குற்றம் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் எல்லைக்குட்பட்ட நீதிமன்றமாக இருக்கும். பாபநாசத்து ஓட்டுநர் ஓசூருக்குப் போய்த் தம் குற்றமின்மையை நிலைநாட்டிவிட்டு வருவதற்குள் 500 ரூபாயைப் போல் பல மடங்கு வாடகை போய்விடும். 2025 ஜூலைத் தொடக்கத்தில் மகாராஷ்டிரத்தில் லாரிக்காரர்கள் மின் சலான்களை எதிர்த்து வேலைநிறுத்தமே செய்தனர். முன்பிருந்த சாலையோர முறையைப் பொற்காலம் என்று போற்றுவதற்கில்லை. அங்கே நடந்த பேரங்களில் எல்லாம் ரசீதில் ஏறியதாகச் சொல்ல முடியாது. ஆயினும் அதில் குற்றம், குற்றம் சாட்டுபவர், சாட்டப்படுபவர் மூவரும் ஒரே வேப்பமர நிழலில் இருந்தனர், சிவப்பு விளக்கா மஞ்சள் விளக்கா என்று அங்கேயே அடித்துப் பேசலாம். புதிய முறை அந்தச் சண்டையை ஒழிக்கவில்லை, இடம் மாற்றியிருக்கிறது: காவலருக்கும் ஓட்டுநருக்கும் நடந்தது இப்போது உரிமையாளருக்கும் ஓட்டுநருக்கும் நடக்கிறது.

உரிய அலுவலர் கேட்கும்போது, வண்டியை ஓட்டியவரின் பெயரையும் முகவரியையும் உரிமையாளர் தெரிவிக்க வேண்டும் என்று சட்டத்தின் 133ஆம் பிரிவு சொல்கிறது. அறுவடைக் காலத்தில் நிரந்தர ஓட்டுநர் ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட, நான்கு நாளைக்கு வந்துபோகும் 'ஆக்டிங் டிரைவர்' பற்றி உரிமையாளருக்குத் தெரிந்தது அவர் திருத்துறைப்பூண்டிப் பக்கம், நன்றாக ஓட்டுவார், டீ குடிக்க மாட்டார் என்ற அளவுதான். சட்டத்துக்கு இது போதாது. ஆகவே பணத்தை உரிமையாளரே கட்டி எஃப்.சி.யை முடித்துக்கொண்டு, இப்போது வண்டியிலிருக்கும் ஓட்டுநரின் பேட்டாவில் பிடித்துக்கொள்கிறார். அந்தத் தேதியில் அவர் வேறொரு முதலாளியின் லாரியை ஓட்டிக்கொண்டிருந்தார் என்பதும், அந்த லாரிக்கும் எஃப்.சி. நெருங்கிவிட்டது என்பதும் தனிக் கணக்கு.