ஆதாம் வாங்கப் போற மாப்பிள்ளைக்கு

வாங்கு மாப்ள, தாராளமா வாங்கு. என் கூடப்பிறந்தவ மகன் ஒண்ணு ஆசைப்பட்டா தாய்மாமன் குறுக்கே விழலாமா? விடியக்காலை மூணு மணிக்குப் போன் போட்டு, "மாமா, கனெக்டிகட்ல ஒரு பாட்டி வீட்டுச் சாமானையெல்லாம் வந்த விலைக்குத் தள்ளிவிடுது. அதுல ஒரு கோலிகோ ஆதாம் கிடக்கு. விளையாட்டுப் பெட்டியில மாட்டுனா அது கம்ப்யூட்டரா மாறிரும்"னு சொன்ன. அதோட விட்டிருந்தா நான் திரும்பிப் படுத்திருப்பேன். "ரேடியோ ரிப்பேர் பாத்த ஆளு நீங்க, ஒரு யோசனை சொல்லுங்க"ன்னு கேட்டுட்ட. நாப்பது வருசம் சால்டரிங் கோல் பிடிச்சவன்கிட்ட யோசனை கேட்டா சும்மா விடுவானா? பேத்தியைப் பக்கத்துல உக்கார வச்சு, அந்தப் பெட்டி பொறந்த கதையில இருந்து செத்த கதை வரைக்கும் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டேன். இப்பக் கேளு.

மாடு பிடிக்கப் போறவன் முதல்ல சுழி பாப்பான். கோலிகோவுக்கு என்ன சுழின்னா, அந்தப் பேரே 'கனெக்டிகட் லெதர் கம்பெனி'யோட சுருக்கம். 1932-ல மாரிஸ் கிரீன்பர்க்னு ஒருத்தர் ஹார்ட்ஃபோர்டுல ஆரம்பிச்சது. செருப்புக்குத் தோல் குடுத்த கடை. நல்ல யாவாரம், நான் குத்தம் சொல்லல. ஆனா அதோட நின்னாங்களா? பிள்ளைக குளிக்கிற பிளாஸ்டிக் தொட்டி வித்தாங்க. 1976-ல டிவியில பந்து தட்டுற டெல்ஸ்டார் பெட்டி வித்தாங்க. 1982-ல கோலிகோவிஷன். 175 டாலர், கூடவே 'டாங்கி காங்' விளையாட்டு. குரங்கு பீப்பாயை உருட்டும், மனுசன் தாண்டிக் குதிப்பான். சனம் அள்ளிக்கிட்டுப் போச்சு. உள்ளதைச் சொல்லணும்ல, அது கெட்டியான சரக்கு.

அந்தப் பெட்டியோட முன்பக்கம் ஒரு மூடி இருக்கும் பாரு, அங்கதான் சூட்சுமம். நம்ம ஊர்த் தரகர் சொல்வாரே, "மாப்பிள்ளை இப்போதைக்குச் சும்மாதான் இருக்காரு, ஆனா தாசில்தார் ஆகப் போறாரு"ன்னு? அந்தத் தரகர் வேலையை இந்த மூடி பாத்துச்சு. மூடியைத் தள்ளி ஒண்ணை மாட்டுனா அடாரிக்காரன் விளையாட்டெல்லாம் ஓடும். அதுக்கு அடாரிக்காரன் கோர்ட்டுக்குப் போனது தனிக்கதை. இன்னொண்ணை மாட்டுனா கார் ஸ்டியரிங். மூணாவதா மாட்டுறது உன் ஆளு, கம்ப்யூட்டர். தகப்பன் விளையாட்டுப் பெட்டிக்குக் காசு குடுக்க யோசிப்பான். "பின்னால பிள்ளை படிக்க உதவும்"னு சொல்லிப் பாரு, பொண்டாட்டி சங்கிலியை அடகு வச்சாவது குடுப்பான். தாசில்தாரை நம்பிப் பொண்ணு குடுத்த வீடு எத்தனை பாத்திருக்கோம்.

இந்த வித்தையைக் கோலிகோ புதுசாவா கண்டுபிடிச்சான்? அவனுக்கு முன்னாடியே மேட்டல் கம்பெனி பண்ணிப் பாத்துருச்சு. பார்பி பொம்மை விக்கிறவனேதான். அவனோட இன்டெலிவிஷன் பெட்டிக்குக் கீபோர்டு வருது, மாட்டுனா கம்ப்யூட்டர்னு சொல்லியே வித்தான். கீபோர்டு வரணுமே! ஒண்ணு ரெண்டு ஊர்ல மட்டும் தலையைக் காட்டிட்டு உள்ள போயிருச்சு. ஏமாந்த சனம் எழுதிப் போட்டுச்சு. அமெரிக்க அரசாங்கத்து யாவாரக் கமிஷன், சொன்ன பொருளைக் கடைக்குக் கொண்டுவர்ற வரைக்கும் மாசம் 10,000 டாலர் அபராதம் கட்டுன்னு சொல்லிருச்சு. ஜே லெனோன்னு அவங்க ஊர்ச் சிரிப்பு நடிகர், மேட்டல்காரன் வீட்டு விருந்துலயே நின்னுக்கிட்டு, உலகத்துல உள்ள பெரிய பொய் வரிசையில இந்தக் கீபோர்டையும் சேத்துட்டார். கடைசியில அதைக் கைகழுவிட்டு, சின்னதா மலிவா வேற ஒண்ணைக் குடுத்து வாயை அடைச்சாங்க. பொம்மை விக்கிறவன் வாயில கம்ப்யூட்டர்னு வந்தா நாம மடியைத் தடவிப் பாத்துக்கணும் மாப்ள.

சரி, உன் ஆளுக்கு வருவோம். 1983 ஜூன் மாசம் சிகாகோ கண்காட்சியில காட்டுனாங்க. கிறிஸ்துமஸுக்குள்ள 5 லட்சம் பெட்டி தருவோம்னு வாய்ச்சவடால். வருசம் முடியையில கடைக்குப் போனது 1 லட்சம்கூடத் தேறல. விலை மட்டும் சொன்னபடி நிக்காம ஏறிக்கிட்டே வந்து 700 டாலரைத் தாண்டிருச்சு. அந்த நேரத்துல பக்கத்துக் கடையில கமடோர் 64-ஐ 200 டாலருக்குக் கூவிக்கூவி விக்கிறான். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தாங்க மாட்டாம வீட்டுக் கம்ப்யூட்டர் கடையையே மூடிட்டான். இவங்க அந்தச் சந்தைக்குள்ளதான் மாட்டை ஓட்டிக்கிட்டு வந்தாங்க.

ஆனா ஒண்ணு, வயித்தெரிச்சல்ல பேசுறேன்னு நினைக்காத. கமடோர் வாங்குனவன் அதுக்கு மேல பிளாப்பி டிரைவுக்குத் தனியா, பிரிண்டருக்குத் தனியா அழுதான். ஆதாம் ஒரே அட்டைப்பெட்டியில எல்லாத்தையும் குடுத்துச்சு. இசட்80 சிப், 64 கேபி மெமரி, நல்ல கீபோர்டு, கேசட் டிரைவ், பிரிண்டர். சுவிட்சைப் போட்டா டைப்ரைட்டர் மாதிரி உடனே எழுதலாம். பிரிண்டரும் புள்ளி புள்ளியா அடிக்கிற சாதி இல்ல. பூ இதழ் மாதிரி சக்கரத்துல எழுத்து இருக்கும், அது சுத்தி வந்து மையில அறையும். கோர்ட்டுல குடுக்கிற பத்திரம் மாதிரி எழுத்து விழும். வேகம் செகண்டுக்குப் பத்து எழுத்து, சத்தம் நம்ம ஊர் மாவு மில்லு. தலையைப் பாத்தா நல்ல யோசனைதான். வாலைப் பாத்தாத்தான் தெரியுது.

இப்ப மெக்கானிக் பேசுறேன், கவனமாக் கேளு. அந்த ஆதாமுக்குக் கரண்டு எங்க இருந்து வருதுன்னு நினைக்கிற? பிரிண்டர்ல இருந்து! பவர் சப்ளையைத் தூக்கி அதுக்குள்ள வச்சுட்டான் புண்ணியவான். பிரிண்டர் கெட்டா கம்ப்யூட்டர் கிடையாது, விளையாட்டும் கிடையாது. கோவில் மணி உடைஞ்சா சாமி கும்பிட முடியாதுங்கிற கதை. பைபிள்ல ஆதாமோட விலாவுல இருந்து ஏவாள் வந்தான்னு நம்ம பாதிரியார் சொல்வார். இந்த ஆதாம் உசுரை முழுசா பிரிண்டர்கிட்டக் குடுத்துட்டு உக்காந்திருக்கு.

அடுத்தது இன்னும் அழகு. சுவிட்சைப் போட்டதும் அந்தப் பெட்டியில இருந்து ஒரு காந்த வீச்சு கிளம்பும். டிரைவுக்குள்ள கேசட் இருந்தா, இல்ல பக்கத்துல கிடந்தாக்கூட, அதுல உள்ளது அழிஞ்சு போயிரலாம். இதுல கூத்து என்னன்னா, அவங்களே அச்சடிச்ச கையேடு சிலதுல, முதல்ல கேசட்டைப் போடு, அப்புறம் சுவிட்சைப் போடுன்னு எழுதியிருந்துச்சாம். பேத்தி இதைப் படிச்சதும் நான் சிரிச்ச சிரிப்புல உங்க அத்தை அடுக்களையில இருந்து ஓடி வந்துட்டா.

சிரிப்பேன்தான், ஏன்னா நானும் அதைப் பண்ணுனவன். கடை வச்சிருந்தப்ப ஒரு கல்யாண வீட்டுக் கேசட்டைச் சுத்தம் பண்ணக் குடுத்தாங்க. கழட்டிப் போட்ட ஸ்பீக்கர் ஒண்ணு மேசையில கிடந்துச்சு, காந்தம் மேல வாக்குல. அதுமேல கேசட்டை வச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டேன். வந்து போட்டுப் பாத்தா, நாதஸ்வரம் கிணத்துக்குள்ள இருந்து கேக்குது, தாலி கட்டுற நேரத்துக் கெட்டிமேளம் காணோம், யாரோ இருமுனது மட்டும் தெளிவா இருக்கு. "உங்க டேப்பு பழசுங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டேன். இருபது வருசம் கழிச்சும் அந்த மாப்பிள்ளை என்னைப் பாத்தா வணக்கம் சொல்லுவார், எனக்குத்தான் கண்ணு தரையைப் பாக்கும்.

அந்த வருசக் கிறிஸ்துமஸ்ல இன்னொரு வேடிக்கை. வாங்குன ஆதாம்ல நிறைய ஓடல. சனம் கடைக்குத் திருப்பித் தூக்கிக்கிட்டு வருது. அதே நேரம் அதே கோலிகோ கம்பெனி கேபேஜ் பேட்ச் கிட்ஸ்னு ஒரு துணிப்பொம்மை விட்டுச்சு. முட்டைக்கோசுத் தோட்டத்துல பிறந்த பிள்ளையாம், தத்து எடுத்துக்கிறதுக்குப் பத்திரம் வேற. அதுக்குக் கடை வாசல்ல அடிதடி! எழுதுற, கணக்குப் போடுற, விளையாடுற பெட்டியைத் தூக்கி எறிஞ்சுட்டு, ஒண்ணுமே செய்யாத பொம்மைக்கு முடியைப் பிடிச்சு இழுத்துக்கிட்டாங்க. பொம்மை ஏன் ஜெயிச்சுதுன்னு எனக்குத் தெரியும். அது நான் பின்னால டாக்டராவேன்னு யார்கிட்டயும் சொல்லல.

அப்புறமும் விடல. ஆதாம் வாங்குற வீட்டுப் பிள்ளைக்குக் காலேஜ் படிப்புக்கு 500 டாலர்னு ஆசை காட்டுனாங்க. பிள்ளை காலேஜுக்குப் போறதுக்குள்ள பெட்டியே போயிருச்சு. 1985 ஜனவரியில ஆதாமை நிறுத்திட்டாங்க. 1988-ல கம்பெனியே திவால். தோலோட நின்னிருந்தா இன்னைக்கும் கடை இருந்திருக்குமோ என்னமோ.

இவ்வளவும் கேட்டுட்டு, "அப்ப வேண்டாமா மாமா"ன்னு மூஞ்சியைத் தொங்கப் போடாத. வேண்டாம்னு நான் எங்க சொன்னேன்? "பையனுக்கு கம்ப்யூட்டர் எப்படி வளந்ததுன்னு காட்டத்தான்"னு சொன்ன பாரு, அதைத்தான் நான் நம்பல. உன் பையன் ஒரு நிமிசம் பாப்பான், கைபேசிக்குத் திரும்பிருவான். குரங்கு பீப்பாய் உருட்டுறதை ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் உக்காந்து ஆடப்போறது யாருன்னு உன் பொண்டாட்டிக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஒத்துக்கிட்டு வாங்கு, கௌரவமா இருக்கும்.

பாட்டிகிட்டப் போறப்ப முதல்ல பிரிண்டர் எங்கன்னு கேளு. "அது கனமா இருந்துச்சு, போன வருசமே குப்பையில போட்டுட்டேன்"னு சொன்னா, ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துரு. இருந்துச்சுன்னா அங்கேயே மாட்டச் சொல்லி, லைட்டு எரியுதா பாத்துட்டுக் காசை எடு. லீவுல இங்க தூக்கிக்கிட்டு வந்து என்கிட்டக் காட்டணும்னு நினைச்சா, அது 110 வோல்ட்டு, நம்ம வீட்டுப் பிளக்குல சொருகிடாத, டிரான்ஸ்பார்மர் நான் பரண்ல வச்சிருக்கேன். அப்புறம் மாப்ள, சுவிட்சைப் போடுறதுக்கு முன்னாடி கேசட்டை வெளியே எடுத்து அடுத்த ரூம்ல வச்சுரு.